பழைய தீயணைப்பு வண்டி வாங்கலாமா? வைத்திருப்பவர்கள் கெட்டதைச் சொல்லுங்கள்

தண்ணீரூற்றான் (முள்ளியவளை)

எல்லோருக்கும் வணக்கம். தெற்கில் ஒரு பட்டறையின் பின்வளவில் பெட்போர்ட் டீகே தீயணைப்பு வண்டி ஒன்று நிற்கிறது. 1960களின் கடைசியில் செய்தது என்கிறார் விற்பவர். பெற்றோல் எஞ்சின், பின்பக்கம் பம்ப், மேலே மர ஏணி, முன்னால் பித்தளை மணி. மீற்றர் பத்தொன்பதாயிரம் மைல்தான் காட்டுகிறது. விலையும் ஒரு பழைய முச்சக்கரவண்டியின் விலைக்குக் கிட்டத்தான்.

கனடாவில் இருக்கும் அண்ணன் பாதிப் பணம் தருகிறேன் என்கிறார். அவருக்கு அந்த மணியில் ஒரு கண். அப்பாவோ, "அதைக் கொண்டுவந்தால் நீயும் அதற்குள்ளேயே படுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

நல்லதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கெட்டது தெரிய வேண்டும். ஓட்டுவதில் என்ன தொல்லை, வைத்திருப்பதில் என்ன தொல்லை?

கச்சான்காற்று (வவுனியா)

அப்பா சொன்னதில் ஒரு திருத்தம். அதற்குள் படுக்க இடமிருக்காது. குழாய்ப் பெட்டிக்குள் ஏற்கெனவே பாம்பு படுத்திருக்கும்.

சிவப்புப்பெட்டி (விசுவமடு)

தம்பி, என்னிடம் ஒன்று ஆறு வருடமாக நிற்கிறது. அதே டீகே, அதே பெற்றோல் எஞ்சின். பாம்பை நான் இதுவரை காணவில்லை. ஆனால் இடப்பக்கக் குழாய்ப் பெட்டிக்குள் ஒரு கோழி அடை கிடக்கிறது. மூன்று கிழமையாக அந்தக் கதவைத் திறக்க மனைவி விடுவதில்லை.

முதலில் பெற்றோல். 4.9 லீற்றர், ஆறு சிலிண்டர். என் வண்டி லீற்றருக்கு இரண்டரை கிலோமீற்றர் ஓடும், அதுவும் நல்ல மனநிலையில் இருந்தால். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒரு வழிக்கு மட்டும் 20 லீற்றர். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு அந்த 20 லீற்றர்தான் தந்தார்கள். அந்தக் கணக்கில் என் வண்டி முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய், அடுத்த கிழமை வரை அங்கேயே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும். அந்த யூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனதும் ஞாபகமிருக்கும். அந்த வருடம் முழுவதும் நான் அதைக் கழுவியதோடு சரி.

இரண்டாவது, அந்தப் பத்தொன்பதாயிரம் மைல். அதைப் பார்த்து நானும் ஏமாந்தேன். மீற்றர் ஓடிய தூரத்தைத்தான் எண்ணும். நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கிப் பம்ப் ஓட்டிய மணித்தியாலங்கள் அதில் ஏறாது. தீயணைப்பு வண்டியின் எஞ்சினைச் சூடாகும்வரை யாரும் பொறுத்து ஓட்டுவதில்லை. மணி அடித்ததும் ஸ்டார்ட், அடுத்த நிமிடமே முழு வேகம். வாழ்க்கை முழுவதும் அப்படி. பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது.

மூன்றாவது பிரேக். இது சிரிக்கும் விடயமில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சில்லுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர்தான். ஒரு வீல் சிலிண்டரின் இறப்பர் வளையம் போனால் நான்கு பிரேக்கும் போகும். முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிறுத்தப் போனேன். மிதித்த கால் பலகைவரை போய்விட்டது. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, கச்சான் கடைகளையும் தாண்டித்தான் நிறுத்தினேன். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "பிள்ளையாரைக் கும்பிடாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே, தம்பி" என்றார். திரும்பி நடந்துபோய்க் கும்பிட்டேன். அன்று இரண்டு தேங்காய்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். மணி ஆறாகிறது, மாடு கட்ட வேண்டும்.

லேத்துக்காரன் (கிளிநொச்சி)

சிவப்புப்பெட்டி அண்ணையின் வீல் சிலிண்டரைக் கடைந்து உள்ளுறை போட்டுக் கொடுத்தவன் நான்தான். அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: நான்கு சில்லுக்கு எட்டு சிலிண்டர் கொண்டுவந்தார், ஏழில் துருக்குழி. வண்டி ஓடித் தேய்ந்த தேய்மானமில்லை. நின்று கெட்டது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாரி முழுவதும் வெளியில் நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். பெட்போர்ட் லொறி ஒருகாலத்தில் இலங்கையில் எந்தச் சந்தியிலும் நின்றது, அதனால் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தாய் நிறுவனம் 1986இல் லொறி செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையை வாங்கியவர்களும் 1992இல் மூடிவிட்டார்கள். பாகிஸ்தானில் இன்றும் பெட்போர்ட் ஓடுவதால் சில சாமான்கள் வருகின்றன. ஆனால் அங்கே ஓடுவதும் இங்கே ஓடியதும் பெரும்பாலும் டீசல். பெற்றோல் எஞ்சினின் டிஸ்ரிபியூட்டர் மூடி, காபரேற்றர் சாமான் என்று தேடத் தொடங்கினால் தெரியும். தீயணைப்புக்கென்று செய்த பாகங்களுக்குக் கடையே கிடையாது. பம்ப் அச்சின் சீல், பம்புக்குச் சக்தி எடுத்துக் கொடுக்கும் கியர்ப்பெட்டி எல்லாம் என்னைப் போன்றவர்கள் கையால் கடைந்தால்தான் உண்டு. எனக்குத் தொழில், உங்களுக்குச் செலவு.

இன்னொன்று வால்வு இருக்கை, அதாவது வால்வு மூடும்போது வந்து உட்காரும் விளிம்பு. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்தது. அந்த ஈயம்தான் புகைப்போக்கி வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவில் மெத்தை மாதிரி நின்றது. 2002இல் இங்கே ஈயப் பெற்றோல் நின்றுபோனது. இருக்கையை மாற்றாத எஞ்சினை முறுக்கி ஓட்டினால், வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிண்டர்த் தலைக்குள் இறங்கும். வாங்குவதற்கு முன் அந்த வேலை நடந்ததா என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் நடக்கவில்லை என்று அர்த்தம்.

பவுசர்க்காரன் (மாந்தை கிழக்கு)

நான் தண்ணீர்ப் பவுசர் ஓட்டுகிறவன். நீங்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டுகிறவனைக் கொல்வது தண்ணீர்.

இந்த வண்டிகளில் வழக்கமாக 400 கலன் தாங்கி இருக்கும். 1,800 லீற்றர், அதாவது 1.8 தொன் எடை, அதுவும் நிலத்திலிருந்து உயரத்தில். நிறைந்த தாங்கி பரவாயில்லை, வெறும் தாங்கியும் பரவாயில்லை. பாதித் தாங்கிதான் எமன். பிரேக் போட்டால் வண்டி நிற்கும், தண்ணீர் நிற்காது. ஒரு கணம் கழித்து முன்சுவரில் மோதி உங்களை மறுபடி தள்ளும். வளைவில் திருப்பினால் வண்டி நேராகிய பிறகும் தண்ணீர் மற்றப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். தாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும். ஐம்பது வருட வண்டியில் அந்தத் தகடுகள் துருப்பிடித்துக் கழன்று தாங்கியின் அடியில் கிடந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கக் கிரவல் வீதியில் மழைக்குப் பிறகு ஓரம் இளகியிருக்கும். எதிரே பஸ் வந்தால் ஓரம் கொடுக்க வேண்டும். ஓரம் கொடுத்தால் இடப்பக்கச் சில்லு இறங்கும், தண்ணீரும் அந்தப் பக்கம் போகும். மீதியை வாய்க்காலுக்குள் இருந்துதான் எழுத வேண்டும். வட்டுவாகல் பழைய பாலத்தில் ஒரு வாகனம் போகத்தான் அகலம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியோடு நடுவில் நின்று, எதிரே வந்தவனைப் பின்னால் போகச் சொல்லிப் பாருங்கள்.

அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். காருக்கு எடுத்தது போதாது. 3,500 கிலோவுக்கு மேலே சி1 வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், சும்மா நிறுத்தி வைப்பதைவிடப் பவுசராக்கி ஓட்டலாம். ஆவணி, புரட்டாதியில் தண்ணீருக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

லேத்துக்காரன் (கிளிநொச்சி)

குடிநீருக்கு வேண்டவே வேண்டாம். அந்தத் தாங்கிக்குள் ஐம்பது வருடமாக என்னென்ன நுரை மருந்து ஊற்றினார்கள், எந்தப் பூச்சுப் பூசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துக்கு இறைக்கலாம், அவ்வளவுதான். பழைய பிரேக் லைனிங்கையும் காற்றடித்துத் துப்புரவாக்காதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். எங்கள் பட்டறைகளில் இதை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தேம்ஸ்கரை (லண்டன், சொந்த ஊர் மல்லாவி)

இங்கே இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். என் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் கிறீன் கொடெஸ் ஒன்று நிற்கிறது. அதுவும் பெட்போர்ட்தான், 1950களின் நடுவில் அணுகுண்டுப் பயத்தில் அரசு செய்து குவித்தது. பச்சை நிறம். 1977இலும் 2002இலும் தீயணைப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவத்தினர் ஓட்டிக்கொண்டு வந்தவை இவைதான். பிறகு அரசு விற்றுத் தள்ளியது.

அவரோடு இரண்டு தடவை கண்காட்சிக்குப் போனேன். முழு வேகம் என்று அவர் சொல்வதை இங்கே சைக்கிள்காரர்கள் மதிப்பதில்லை. கிளச்சை இரண்டு தடவை மிதித்துத்தான் கியர் மாற்ற வேண்டும். தவறினால் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும் சத்தம். வீட்டு முற்றத்தில் நிறுத்த முடியாததால் ஒரு விவசாயியின் கொட்டகைக்கு மாத வாடகை. நீல விளக்கைத் துணியால் மூடித்தான் வீதியில் எடுக்கலாம், சைரன் போடக் கூடாது. ஆனால் ஒன்று. இங்கே அது ஒரு பெரிய பொம்மை. வீடு எரிந்தால் யாரும் அவருடைய கதவைத் தட்டப்போவதில்லை.

துணுக்காய் ரீச்சர் (துணுக்காய்)

உங்கள் பேச்சைப் படிக்க ஆசையாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

என் அப்பா ஒஸ்ரின் ஏ40 வைத்து ஹயர் ஓடியவர். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடையாது. ஒரு சிறு போத்தலில் பெற்றோலை உயிர் மாதிரி வைத்திருப்பார். அதில் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வரும் புகையை வைத்தே அப்பா வருகிறார் என்று ஒழுங்கை முகப்பிலிருந்து சொல்லிவிடுவோம். அந்தக் காரைத் தள்ளித் தள்ளிப் புதுமாத்தளன்வரை கொண்டுபோனோம். 2009இல் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். திறப்பு மட்டும் இன்னும் சாமி அறையில் இருக்கிறது. பழைய வண்டி என்பது எங்களுக்கு ஆசைப்பொருள் இல்லை, வேறு வழியில்லாமல் உயிரோடு வைத்திருந்த ஒன்று. காசு கொடுத்து அந்தக் கஷ்டத்தை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு விளங்குவதில்லை.

இன்னொரு கேள்வி. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தைக் கடைகள் எரிந்த இரவில் கிளிநொச்சியில் ஒரு தீயணைப்பு வண்டி இருக்கவில்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தீயணைப்பு வண்டியை வாங்கிக் கழுவித் துடைத்து வைத்திருப்பது சரியா? ஓடக்கூடியதாக இருந்தால் ஊருக்கு உதவலாமே. யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கச்சான்காற்று (வவுனியா)

ரீச்சர், அப்படியென்றால் மண்ணெண்ணெயில் இதையும் ஓட்டலாம் போலிருக்கிறதே. தம்பிக்குச் செலவு குறையும்.

லேத்துக்காரன் (கிளிநொச்சி)

பகிடியாகக்கூடச் சொல்லாதீர்கள், யாராவது செய்துவிடுவார்கள். மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியானால் பெயரிங் போகும். ஏ40இன் எஞ்சின் சிறியது, அதைச் சந்திக்குச் சந்தி கழற்றிப் பூட்டினார்கள். இந்த எஞ்சினைத் தூக்கவே சங்கிலிக் கப்பியும் நான்கு பேரும் வேண்டும்.

டீசல் எஞ்சின் மாற்றலாமா என்றும் யாராவது கேட்பீர்கள். மாற்றலாம். பம்ப் சுற்ற வேண்டிய வேகம் வேறு, டீசல் சுற்றும் வேகம் வேறு. நடுவில் பல்லுக் கணக்கை மாற்ற வேண்டும். எஞ்சின் இலக்கம் மாறினால் வண்டியின் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். ஏலத்தில் போன வண்டிகளுக்குப் புத்தகம் இருப்பதே அதிசயம்.

சிவப்புப்பெட்டி (விசுவமடு)

ரீச்சர் கேட்டதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாளாக எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

போன வருடத்துக்கு முந்தின ஆவணி. சிறுபோகம் வெட்டி முடிந்த நேரம். மத்தியானம் மூன்று மணியிருக்கும், நல்ல கச்சான் காற்று. எங்கள் வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர் தூரத்தில் ஒரு வளவில் வைக்கோற்போர் பிடித்துவிட்டது. பக்கத்திலேயே கிடுகு வேய்ந்த மாட்டுக் கொட்டில். ஒரு பொடியன் சைக்கிளில் பறந்து வந்து, "மாமா, வண்டியை எடுங்கள்" என்றான். 110க்கு அடிக்கச் சொன்னீர்களா என்று நான் கேட்டேன். "நீங்கள் இருக்கிறீர்கள்தானே" என்றான்.

எடுத்தேன். முதலில் எஞ்சின் பிடிக்கவில்லை. வெயிலில் எரிபொருள்க் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிக் குமிழி அடைத்துவிட்டது. சாரத்தின் ஒரு முனையைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து எரிபொருள்ப் பம்பில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். கனகராயன்குளத்தடியில் ஒருதடவை அப்படித்தான் சரிக்கட்டியிருந்தேன். அன்று பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது. அந்தப் பத்து நிமிடமும் பொடியன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு பிடித்தது. ஒழுங்கை முழுவதும் மணியை அடித்துக்கொண்டு போனேன். பொய் சொல்லக் கூடாது, அந்த ஓட்டத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சனம் விலகி வழிவிட்டது.

தாங்கியில் நூறு கலன்கூட இல்லை. அடியில் ஒழுக்கு இருந்ததால் நிறைத்து வைப்பதில்லை. பெரிய குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் நன்றாக அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு குழாய் இருமியது, தொங்கிவிட்டது. உறிஞ்சு குழாயைக் கிணற்றுக்குள் விட்டேன். பம்பில் நீர் ஏறவில்லை. எஞ்சின் கத்தியது, பம்ப் காற்றைச் சுற்றியது. வைக்கோற்போர் முழுவதும் போனது. மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கொட்டிலைக் காப்பாற்றியது வாளிகளும் பச்சைக் கொப்புகளும்தான்.

எல்லாம் அடங்கிய பிறகு அந்த வீட்டு ஆச்சி என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. "மணிச் சத்தம் கேட்டதும், இனிப் பயமில்லை என்று நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன், தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று இரவு மணியின் நாக்கைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது.

தம்பி கெட்டதைக் கேட்டார். பெற்றோல், பிரேக், ரயர் எல்லாம் காசோடு போகிற தொல்லை. இதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

லேத்துக்காரன் (கிளிநொச்சி)

அண்ணை, இதை நீங்கள் என்னிடமும் சொல்லவில்லை.

கிணறு ஏன் ஏறவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். இந்தப் பம்ப் தானாக நீரை உறிஞ்சாது. முதலில் குழாயில் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். பிறகு வெளிக்காற்றின் அழுத்தம்தான் நீரை மேலே தள்ளும். எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் கணக்குப்படி 10 மீற்றருக்கு மேல் ஏறாது, நடைமுறையில் ஏழு, ஏழரைதான். ஆவணியில் உங்கள் பக்கக் கிணறுகளில் நீர் எங்கே நிற்கும்?

சிவப்புப்பெட்டி (விசுவமடு)

மறுநாள் கயிறு விட்டு அளந்தேன். இருபத்தெட்டு அடி.

லேத்துக்காரன் (கிளிநொச்சி)

எட்டரை மீற்றர். புதுப் பம்பாக இருந்தாலும் ஏறியிருக்காது. உங்கள் உறிஞ்சு குழாயின் இறப்பர் வளையம் வெடித்திருந்தது வேறு. அந்த வெடிப்பால் காற்று இழுத்திருக்கும். குளத்துக் கரையில் நின்று இறைப்பதற்குச் செய்த பொருள் அது.

பெரிய குழாயைத் திறந்ததும் பிழை. நிமிடத்துக்கு 500 கலன் தள்ளுகிற பம்பை முழுதாகத் திறந்தால் நிறைந்த 400 கலன் தாங்கியே ஒரு நிமிடம் தாங்காது. சுருளில் இருக்கும் மெல்லிய குழாயால் அடித்திருந்தால் உங்கள் நூறு கலன் நாலைந்து நிமிடம் ஓடியிருக்கும். தீயணைப்பு என்பது வண்டியில் இல்லை, அந்தக் கணக்கைப் பழகிய ஆட்களில் இருக்கிறது. நானும் வீல் சிலிண்டர் கடைந்து தந்தேனே தவிர இதை உங்களுக்குச் சொல்லவில்லை.

துணுக்காய் ரீச்சர் (துணுக்காய்)

சிவப்புப்பெட்டி அண்ணை, நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என் கேள்வி இன்னும் இருக்கிறது. தாங்கியை அடைத்து, தினமும் நிறைத்து வைத்து, நாலு பொடியளைப் பழக்கினால்?

சிவப்புப்பெட்டி (விசுவமடு)

மன்னிப்பெல்லாம் எதற்கு, ரீச்சர்.

பழக்கலாம். ஆனால் வெயிலில் பிடிக்காமல் போகக்கூடிய எஞ்சினையும் ஒரே தொடர்ப் பிரேக்கையும் நம்பி, நாலு வீட்டுப் பிள்ளைகளை மேலே ஏற்றி ஒழுங்கையால் விரட்ட என்னால் முடியாது. அவர்களுக்கு ஒன்று நடந்தால் எந்தக் காப்புறுதியும் வராது. புது வண்டி, சம்பளம் வாங்கும் ஆட்கள், பயிற்சி எல்லாம் சபைகள் செய்ய வேண்டிய வேலை. என்னுடையதைப் பார்த்து, "உங்கள் ஊரில்தான் ஒன்று நிற்கிறதே" என்று ஒருவர் ஒரு கூட்டத்தில் பகிடி விட்டார். அந்தப் பகிடி எனக்கு ஆச்சியின் சொல்லைவிடச் சுட்டது.

பவுசர்க்காரன் (மாந்தை கிழக்கு)

நிறத்தை மாற்றினால் என்ன? நீலமோ மஞ்சளோ பூசி, ஏணியைக் கழற்றிவிட்டால் யாரும் ஓடிவர மாட்டார்கள்.

தேம்ஸ்கரை (லண்டன், சொந்த ஊர் மல்லாவி)

சிவப்பில்லாத தீயணைப்பு வண்டியை யார் பார்ப்பது? இங்கேயிருக்கும் பச்சை வண்டியைப் பார்த்தே பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

சிவப்புப்பெட்டி (விசுவமடு)

பூச்சு வாங்கிக்கூட வைத்தேன். பூச மனம் வரவில்லை. அந்தக் குறையை ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது குளத்தடித் தோட்டக்காரர் இருவருக்கு இறைத்துக் கொடுக்கிறேன். குளக்கரையில் நின்றால் பம்ப் நன்றாகத்தான் வேலை செய்கிறது. முன்கண்ணாடியில் "தண்ணீர் இறைக்க மட்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்கும் போய், தீப்பிடித்தால் முதலில் 110, பிறகு வாளி, என்னைக் கடைசியாகக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆச்சி வீட்டுக்கு இரண்டு வாளி வாங்கிக் கொடுத்தேன். அவர் அதில் மாட்டுக்குக் கஞ்சி வைக்கிறார்.

தண்ணீரூற்றான் (முள்ளியவளை)

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு திருப்புளி, ஒரு ரோர்ச், ஒரு காந்தம் கொண்டுபோனேன்.

வால்வு இருக்கையைப் பற்றிக் கேட்டேன். முழித்தார். புத்தகத்தைக் கேட்டேன். வரும் என்றார். சாரதியின் கதவுக்குக் கீழே சிவப்புப் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னியது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. அலுமினியத் தகடுதானே என்றார், அது சரிதான். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் திருப்புளியை வைத்து மெதுவாகத்தான் அழுத்தினேன், பிடிவரை போய்விட்டது. இழுத்தபோது மாவு மாதிரிக் கொட்டியது, அதோடு நாலைந்து வெள்ளைக் கறையான்கள். அந்தப் பக்கம் முழுவதையும் பூச்சுத்தான் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ரயர்களில் பட்டன், அதாவது மேற்புற வெட்டு, அப்படியே இருக்கிறது, பக்கச்சுவரெல்லாம் வயற்சேறு காய்ந்தது மாதிரி வெடித்திருக்கிறது. தாங்கியை ரோர்ச் அடித்துப் பார்த்தேன். பவுசர்க்கார அண்ணை சொன்ன தடுப்புத் தகடுகளில் ஒன்று அடியில் கிடந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மணியை மட்டும் தருவாரா கேள் என்றார். கேட்டேன். மணிக்கு மட்டும் வண்டி விலையில் கால்வாசி சொன்னார். அண்ணன் சரி என்றுவிட்டார்.

கச்சான்காற்று (வவுனியா)

அப்பா என்ன சொல்கிறார்?

தண்ணீரூற்றான் (முள்ளியவளை)

மணியோடு படுக்க ஆட்சேபணை இல்லையாம். மணி இப்போது விறாந்தையில் இருக்கிறது. துடைத்தால் நல்ல பித்தளை. ஆனால் உள்ளே நாக்கு இல்லை, கொளுவி மட்டும் தொங்குகிறது. லேத்துக்கார அண்ணை, ஒன்று கடைந்து தர முடியுமா?

சிவப்புப்பெட்டி (விசுவமடு)

கடையத் தேவையில்லை, தம்பி. கொளுவியின் தடிப்பையும் உள்வாயின் அகலத்தையும் அளந்து அனுப்பு. இரண்டும் ஒரே மாதிரி மணியாக இருந்தால் என்னிடம் இருப்பது பொருந்தும். சனிக்கிழமை புதுக்குடியிருப்புக்கு வருவேன், பஸ்ஸில்தான், கொண்டுவந்து தருகிறேன்.